காது அசைந்தவரை ஓடிய படம்

மின்கம்பி எட்டிப்பார்க்காத ஒரு காட்டில் கோமு என்றொரு தேவாங்கு வாழ்ந்தாள். குட்டியாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்துச் சினிமாக் கொட்டகையின் பின்புறம் கேட்ட ஒரு சத்தம் அவள் காதை விட்டுப் போகவேயில்லை. படம் காட்டும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஓடிய விசிறியின் உறுமல் அது. படம் முடியும்வரை அது நின்றதே கிடையாது.

கோமுவின் மகனை வேட்டைக்காரர்கள் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். போன அவசரத்தில் ஒருவனுடைய செல்போன் புதரில் விழுந்தது. பிடிப்பதற்கு முன் மகனை அதில் படம் எடுத்திருந்தார்கள். கிளையில் உட்கார்ந்திருக்கிறான், திரும்பிப் பார்க்கிறான், அவ்வளவுதான். ஆனால் கோமுவின் கண்ணில் புரை. அந்தச் சின்னத் திரையில் மகன் ஒரு கறையாகத்தான் தெரிந்தான். பார்வை முழுசாகப் போவதற்குள் அவன் முகத்தைப் பெரிதாக ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று கிடந்தாள்.

காட்டின் பொறியாளரான கருங்குரங்கு, வெளிச்சம் ஊடுருவிப் படம் சுவரில் விழும்படி செல்போன் திரையின் முதுகை உரித்தது. "பின்னால் விளக்கு, முன்னால் பூதக்கண்ணாடி, எதிரே குகைச் சுவர். எந்த விளக்கு என்பதுதான் கேள்வி, அம்மா."

மின்மினிகள் முதலில் வந்தன. "நாங்கள் சுடவே மாட்டோம்," என்றன. சுடவில்லை. படமும் தெரியவில்லை. பிறகு, பயணிகள் விட்டுப்போன டார்ச்சின் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினார்கள். தேக்கிலை அகலத்துக்குச் சுவரில் வெளிச்சம் விழுந்தது.

"இது போதும்," என்றாள் கோமு. "ஒரு முகம்தானே."

போதாது என்றது காட்டு ராஜாவான புலி. அதன் பதவியேற்பு உரையை அதே செல்போனில்தான் குரங்கு பதிவு செய்து வைத்திருந்தது. "தேக்கிலையில் என் மீசை பாதிகூட அடங்காது. குகை முழுக்க நான் தெரிய வேண்டும்."

"அதற்குக் கவிழ்ந்துகிடக்கும் ஜீப்பின் ஹெட்லைட் வேண்டும், மகாராஜா. அது கொதிக்கும். திரை கருகிவிடும்."

"கருகாமல் குளிர வை. அதற்குத்தானே உனக்குப் பொறியாளர் பட்டம்?"

"என் மகன் படம்?" என்றாள் கோமு.

"என் உரை முடிந்ததும் போடுவார்கள். தாய் மனசு தெரியாதவனா நான்?"

விசிறிக்கு மாசானம் என்ற யானையைக் கூட்டிவந்து விளக்கின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"தம்பி, படம் முடியும்வரை சத்தம் நிற்கக் கூடாது," என்றாள் கோமு.

"காது ஆட்ட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா, அக்கா?" என்றான் மாசானம்.

உரை தொடங்கியது. சுவர் முழுக்க மீசை. ஓடை, புல், எதிர்காலம் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. மாசானம் ஒரு சொல்லையும் காதில் வாங்கவில்லை. தப்தப்பென்று காது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. விளக்கு கொதித்தது, திரை ஜில்லென்று இருந்தது.

"பார், யானைகூடக் கைதட்டுகிறது," என்றது புலி.

"ஆமாம் மகாராஜா, காதால்," என்றது குரங்கு.

ஒருவழியாக உரை முடிந்து, கிளை வந்தது. கிளையில் மகன். மெல்லத் திரும்பினான்.

"அக்கா," என்றான் மாசானம். "இவனா?"

யானை எதையாவது மனசு வைத்துப் பார்த்தால் அதன் காது அசையாது. அது பிறவிக் குணம். மகன் முகம் கண்ணுக்குப் பிடிபடுவதற்கு முன்பே, சத்தம் நின்றது கோமுவுக்குக் கேட்டுவிட்டது.

"தம்பி, காது," என்றாள்.

மகனின் மூக்கருகே ஒரு கறுப்புப் புள்ளி பிறந்தது. கன்னத்தில் ஊர்ந்தது. பிளாஸ்டிக் கருகும் நெடி குகையை நிறைத்தது. அவனுடைய ஒரு கண்ணை மட்டும் அவள் பார்த்தாள். பிறகு அதுவும் மூழ்கிவிட்டது.

மறுநாள் விசாரணை. உரை ஓடியபோது திரைக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆகவே கோளாறு தேவாங்கின் படத்தில்தான் என்று குரங்கு தீர்ப்புச் சொன்னது. "நான் பார்த்துவிட்டேன். அதுதான் தப்பு," என்று மாசானம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சிரத்தையாகக் காது ஆட்டியதற்காக அவனுக்கு அரசவை விசிறி என்ற பதவி கொடுத்தார்கள். இனி சுவருக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கோமுவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

நீதி: எவ்வளவு பெரிய விளக்கானாலும் பயப்படாமல் ஏற்றுங்கள், யாரும் கவனிக்காத பேச்சாகப் பார்த்துப் போட்டால் எந்தத் திரையும் கருகாது.