தீப்பற்றக்கூடிய தம்பதி

மலைக்குப் போகிறவர்கள் இனிமேல் பாரம்பரியக் கருவிகளோடுதான் போகவேண்டும் என்று மேலிடம் மனமுவந்து உத்தரவிட்டது. நைலான் பை கூடாது, எரிவாயு அடுப்பு கூடாது, தீப்பெட்டிகூடக் கூடாது. மலைக்கு அதெல்லாம் பிடிக்கவில்லையாம். மலையைப் போய் யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

இந்த உத்தரவால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நம்ம முடிவெட்டுகிறவர்தான். அவருக்கு ஏற்கெனவே அந்தக் கிறுக்கு பிடித்திருந்தது. கடையில் கை சற்று ஓய்ந்தாலே கித்தான் விரிப்புக்குத் தேன்மெழுகு பூசுவார், முதுகுப்பையின் தோல்வாருக்கு எண்ணெய் தடவுவார், சவரக்கத்தி தீட்டுகிற வாரிலேயே கைக்கோடாலியையும் தீட்டுவார். அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்ட ஒரு வாடிக்கையாளர் பாதிச் சவரத்தோடு எழுந்து ஓடியிருக்கிறார்.

அவர் மனைவிக்கு இதில் ஒரே ஒரு ஆசை.

"ஊரே உங்ககிட்ட உக்காந்து கதை பேசுது. எனக்கும் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பேசணுங்க. மலை உச்சியில கடை கிடையாதுல்ல?"

சரியென்று கடையைப் பூட்டினார்.

அடிவாரத்தில் பரிசோதனை அதிகாரி உட்கார்ந்திருந்தார். கோடாலியை வாங்கினார்.

"மழுங்கின கோடாலி ஆபத்து. கூர் இருக்கா?" என்று விரலால் தடவினார். ரத்தம் வந்தது. "இருக்கு. ஆனா கூரான கோடாலி அதைவிட ஆபத்து. உறையில போட்டு அரக்கு முத்திரை வைக்கணும்."

"அவசரத்துக்கு எடுக்கணும்னா, சார்?"

"கீழே வந்து அனுமதி வாங்கிட்டு எடுங்க."

அடுத்து கித்தானை முகர்ந்து பார்த்தார்.

"மெழுகு. தீப்பிடிக்கும். இந்தக் கல்லு?"

"சிக்கிமுக்கிக் கல்லு சார். டீ போட நெருப்பு வேணும்ல?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "மேற்படி இரண்டும் ஒரே இடத்துல இருந்தா, நீங்க தீப்பற்றக்கூடிய தம்பதி. கித்தான் உங்ககிட்ட, கல்லு அம்மாகிட்ட. நடுவுல முந்நூறு அடி இடைவெளி."

"கல்லை இங்கேயே வச்சிட்டுப் போறோமே, சார்?" என்றாள் மனைவி.

"பாரம்பரியத்துல ஒண்ணு குறைஞ்சாலும் உள்ளே விடமாட்டோம்மா."

இடைவெளியைப் பாதுகாக்க ஒரு காவலரையும் கூட அனுப்பினார். முன்னால் புருஷன், பின்னால் பெண்டாட்டி, நடுவில் ஊதலோடு காவலர். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும், பேச்சு காவலர் வழியாகவே போய் வந்தது.

"ஐயா, பின்கதவைப் பூட்டினீங்களான்னு அம்மா கேக்கிறாங்க."

"பூட்டியாச்சுன்னு சொல்லுங்க."

"அம்மா, பூட்டியாச்சாம். ஆனா குரல்ல உறுதி இல்லை."

உச்சிக்கு வந்தார்கள். முடிவெட்டுகிறவர் கித்தானை விரித்து, ஓரங்களை நீவிவிட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்தார். மனைவி முந்நூறு அடி தள்ளி ஒரு பாறைமேல் நின்று பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து கல்லைக் காவலர் கையில் திணித்தாள்.

"இப்ப யாரு தம்பி தீப்பற்றுற ஆளு?"

காவலர் யோசித்தார். சட்டப்படி பார்த்தால் அவர்தான். கடமை தவறாதவர், தன்னைப் பார்த்துத் தானே ஒருமுறை ஊதிக்கொண்டு முந்நூறு அடி விலகிப் போனார்.

அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, புருஷன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்பாடா! இப்பப் பேசுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்த இடத்தையும் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏய், மெழுகுல மடிப்பு விழுது பாரு. எவ்வளவு பாடுபட்டுப் பூசினது! கொஞ்சம் தள்ளி உக்காரேன்."

அவள் எழுந்தாள், புடவையை உதறினாள், காவலரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"தம்பி, அந்தக் கல்லைக் குடுங்க. ஆமா, இந்த முந்நூறு அடியை இன்னும் கொஞ்சம் கூட்ட வழி இருக்கா?"