மூன்று சேவலும் ஒரு பெட்டையும்

சமையலறை வாசலில் ஒரு பெட்டைக்கோழியைக் காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மினாயோ அதைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

நைரோபியிலிருந்து பதினோரு மணி நேரம் பேருந்தில் நசுங்கி, கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்து சேர்ந்திருக்கிறாள். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்தவர் பேரில் ஒரு கோழி விழவேண்டும், அதுதான் மரியாதை. அவள் கறியை விட்டோ எட்டு மாதம் ஆகிறது.

சொல்லிவிடலாம்தான். போன வருடம் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றதற்கே, "வெள்ளைக்காரி வந்துட்டா" என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. கோழியையும் வேண்டாம் என்றால், 'எங்களையே வேணாம்னு சொல்லத்தான் படிச்சியா?' என்பார் அப்பா. அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"அப்பா, வயித்தைப் புரட்டுது. எனக்குக் கோழி வேணாம்."

அப்பா பதறிப்போய்ச் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டார். அரை மணியில் லுகலியா சித்தப்பா ஏதோ வேரை அரைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குடி."

"கசக்குது சித்தப்பா!"

"பட்டம் வாங்கினவளுக்கும் அதே கசப்புதான். குடி."

பார்க்க வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? கொல்லையில் ஒரு சேவல் கத்தியது. பிறகு கத்தவில்லை.

கோழியின் இரைப்பை வழக்கம்போல் ஆண்களுக்கு. சிறு வயதிலிருந்து கோழி கழுவும் மினாயோவுக்கு அதன் ருசி தெரியாது, பெண்கள் தின்னக்கூடாதாம். வருடாவருடம் அதற்குச் சண்டை போடுவாள். இந்த வருடம் அதற்கும் வழியில்லை. ஜெயித்துவிட்டால் தின்னவேண்டுமே!

அம்மா மட்டும் எதிலும் தலையிடாமல் மலைபோல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இனி இவ கல்லையும் தின்னுவா" என்றார் சித்தப்பா, எலும்பைக் கடித்தபடி.

மினாயோ வாசலைப் பார்த்தாள். பெட்டை உயிரோடுதான் இருந்தது.

"இல்ல சித்தப்பா... வந்து... நான் உபவாசம். ஜெபத்துக்காக."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல்லயே சொல்றதுக்கென்ன மகளே! இவ்வளவு படிச்சும் கர்த்தரை மறக்கல பாருடா தம்பி!"

அந்தப் பெருமையில் போதகரை அழைத்தார். போதகர் சபைப் பெண்கள் இருவரோடு வந்தார். அவர் தலையைக் கண்டதுமே மிச்சமிருந்த இரண்டு சேவல்களும் சோளக்காட்டுக்குள் ஓடின. அனுபவம். சித்தப்பா இரண்டையும் துரத்திப் பிடித்தார்.

போதகர் மினாயோவின் தலையில் கை வைத்தார். "இயேசு பிறந்த நாள்ல உபவாசமா? கூடாது. முடிச்சு வெச்சிட்டேன். ஆமென்."

"ஆமென்" என்றார்கள் சபைப் பெண்கள், குழம்புச் சட்டியைப் பார்த்து.

மூன்று சேவல் போயாயிற்று. அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் சாப்பிட்டாச்சு. இனி என் மகளுக்கு!"

அவ்வளவுதான். மினாயோ பின்பக்கமாக ஓடினாள். கயிற்றை அவிழ்த்து, கோழியைத் தன் பயணப் பைக்குள் திணித்து, மேலே ஸ்வெட்டரைப் போட்டு மூடினாள். பை, 'கொக்' என்றது.

நிமிர்ந்தால், உகாலிக் களி கிண்டிய துடுப்போடு அண்ணி கவோசா நிற்கிறாள்.

"அண்ணி, கத்தாதீங்க! இது ஒண்ணையாவது நான் காப்பாத்தணும்!"

கவோசா பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதை யாருடி அறுக்கப் போறா? நீ கறியை விட்டுட்டேன்னு உன் ரூம்காரி போன மாசமே அம்மாகிட்ட சொல்லிட்டா. நைரோபியில முட்டையாவது சாப்பிடட்டும்னு, நீ எடுத்துட்டுப் போகத்தானே அம்மா கட்டி வெச்சிருக்காங்க!"