தாய்ப்பத்திரமும் நாலாம் பாகமும்

செங்கல்பட்டில் என்னை அதிகம் பாடுபடுத்தியது யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். என் மனைவிக்கே இரண்டாம் இடம்தான். முதல் இடம் தாய்ப்பத்திரத்துக்கு.

அது அவர் பெயரில்லை, நாங்கள் வைத்த பட்டப்பெயர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில், ஒரே மேசையில், நானும் அவரும் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தோம். யார் நிலம் விற்க வந்தாலும், இது உனக்கு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யார் கொடுத்தார் என்று கொள்ளுத்தாத்தா வரை போவார். அந்தப் பழைய பத்திரத்தைத்தான் தாய்ப்பத்திரம் என்போம். அதைக் கண்ணால் பார்க்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டார். நல்ல பழக்கம்தானே என்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் மாமல்லபுரம் போனவர், பழைய கதவும் தூணும் விற்கிற கடையில், கேரளத்திலிருந்து வந்த மரப்பெட்டி ஒன்றுக்குள் மூன்று தடிப் புத்தகங்களைப் பார்த்துவிட்டார். தோல் அட்டை, பூச்சி அரித்த ஓரம். கொச்சியை விட்டு இஸ்ரேலுக்குப் போன யூதக் குடும்பம் ஒன்று விட்டுவிட்டுப் போனவை. யூதர்களின் சட்டப் புத்தகங்கள் என்று கடைக்காரர் சொன்னாராம். சட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"இன்னாய்யா இது?" என்றேன்.

"சட்டம். எபிரேய பாஷை. எறநூறு வருசத்துக்கு முந்தி அச்சடிச்சது."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் இன்னாத்துக்கு வாங்கன?"

"தெரிஞ்சிருந்தா இன்னாத்துக்கு வாங்கப் போறேன்?"

எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே பீரோ. புத்தகங்கள் அதற்குள் போயின. என் பார்ட்டிகளின் காகிதங்கள் மேசைக்கு அடியில் குடியேறின. ஒரு பாகப்பிரிவினையின் நகலை ஆடு தின்றது. அண்ணன் பங்கு போய்விட்டது, தம்பி பங்கு மிச்சம். இரண்டு குடும்பத்துக்கும் நான்தான் பதில் சொன்னேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் கடற்கரையில் எந்த வெள்ளைக்காரரைப் பார்த்தாலும் புத்தகத்தை நீட்ட ஆரம்பித்தார். ஓர் இத்தாலிக்காரர் செருப்பை விட்டுவிட்டே ஓடினார். கடைசியில் ஓர் இஸ்ரேல் பையன் சிக்கினான். "இதெல்லாம் எங்க தாத்தா படிக்கிறது, எனக்கு எழுத்துதான் தெரியும்" என்று சொல்லி, மணலில் இருபத்திரண்டு எழுத்தையும் எழுதிக் காட்டினான். கடைக்காரர் மூலம் கொச்சியில் ஒரு யூதப் பெரியவரின் முகவரியும் கிடைத்தது. இவர் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவார். அவர் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதுவார். அதைத் தமிழில் சொல்வது என் தலையெழுத்து.

தொழில் புத்தி போகுமா? ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் பக்கத்தில் இருக்கும் பழைய பெயர்களை வைத்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பட்டியல் போட்டார். அந்தக் காலத்து யூதர்கள், பூமி முழுக்கக் கடவுளுடையது என்று முதலில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே தங்கள் பெயரை எழுதுவார்களாம். பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து படிக்கிற விஷயமா இது?

பெரியவர் இன்னொன்றும் எழுதினார். இது நாலு பாகம். கையில் இருக்கும் மூன்றும் வழிபாடு, சாப்பாடு, கல்யாணம். நாலாவதுதான் நிலம், விற்பனை, சாட்சி. பத்திரம் எழுதுகிறவனுக்கு வேண்டிய பாகம் மட்டும் இல்லை.

எட்டு வருஷம், மாதம் ஒரு முறை, என் ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் வழியாக அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாத்த, இவர இட்டுகினு வராத. தூணு வாங்க வர்றவன் எதிர்லயே, இது எந்தக் கோயில் தூணு, யாரு வித்தாங்கன்னு கேக்கறாரு. பேஜாரா கீது" என்றார்.

இதற்கிடையில் செய்யூரிலிருந்து, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை போட்ட நிலத்தை விற்க ஒருவர் வந்தார். எல்லாம் தயார். இவர் பேனாவை மூடினார்.

"பக்கத்து நெலத்துக்காரனக் கேட்டியா? அவன் வாணான்னாதான் வெளிய விக்கணும்."

"அவனையா? வரப்புத் தகராறுல அவன் மண்டைய ஒடச்சதே நான்தான். எந்தச் சட்டத்துல கீது அது?"

"நாலாம் பாகத்துல."

கொச்சிப் பெரியவர் கடிதத்தில் எழுதியதை வைத்து, கையில் இல்லாத புத்தகத்தைக் காட்டிச் சட்டம் பேசினார். செய்யூர்க்காரர் அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டார். நான் இரண்டு நாள் இவரோடு பேசவில்லை. அதை அவர் கவனிக்கவுமில்லை.

ஒரு வழியாக அதே கடைக்கு நாலாம் பாகம் வந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குள் அகராதியை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு வந்திருந்தார். முதல் பக்கத்துக் கையெழுத்து மட்டும் புரியவில்லை. வழக்கம்போல ஜெராக்ஸ் கொச்சிக்குப் போனது.

பதில் வந்தபோது அவர் கொட்டகையில் இல்லை. நான் பிரித்தேன். இந்தப் புத்தகத்தை ஒருவர், இறந்துபோன மகன் நினைவாக ஜெப ஆலயத்துக்குக் கொடுத்திருக்கிறார். விற்கக் கூடாது, மீட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்த ஆலயம் கொச்சியில் இன்னும் இருக்கிறது என்று பெரியவர் எழுதியிருந்தார்.

கோயில் நிலத்துக்கு இருபது வருஷத்தில் ஒரு பத்திரம் எழுதாத ஆள் இவர். கடிதத்தைப் பார்த்தால் அன்றைக்கே புத்தகம் போய்விடும். கடிதத்தை என் டிராயரில், முத்திரைத்தாளுக்கு அடியில் வைத்தேன்.

"போஸ்ட்மேன் வந்தானா?"

"வரல."

தினமும் கேட்டார். தினமும் வரல என்றேன். அவர் தானாகச் சிரித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். "இங்க பாரு, கெணத்துத் தகராறு. நம்ம ஊரு மாதிரியே கீது."

ஒரு நாள் காலையில் பையோடு வந்தார். "பெரியவருக்கு ஒடம்பு இன்னா ஆச்சோ. நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்."

அதற்குமேல் முடியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துச் சொல்லச் சொன்னார். பிறகு புத்தகத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"யாருக்குய்யா தெரியப்போவுது?" என்று கத்தினேன். "எட்டு வருசம் அலைஞ்சிகீறோம். வச்சிக்கய்யா."

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே," என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

நாலு நாள் கழித்து வெறும் பையோடு வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடித உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பத்திரக்காரன் முதலில் பார்ப்பது தேதியைத்தான். கடிதம் வந்து சேர்ந்த தேதியோடு செங்கல்பட்டு அஞ்சல் முத்திரை அதன் முதுகில் பளிச்சென்று இருந்தது.

"பதினோரு நாளு வச்சிருந்தியா?" என்றார்.

"திட்டணும்னா திட்டு."

உறையை மடித்து மறுபடி சட்டைப் பையில் வைத்தார். "அந்தப் பதினோரு நாள்ல ஆறு பக்கம் படிச்சிட்டேன்பா," என்றார்.

இன்னும் ஒரு வாரம் ஒளித்து வைத்திருந்தால் பத்துப் பக்கமாவது படித்திருப்பார்.