பெயர் வெளியிட விரும்பாத கரடி

ஒரு காட்டில் ஒரே ஒரு கரடி இருந்தது. கதைக்கு வசதியாக இருக்கட்டுமென்று நான் குறைத்துச் சொல்லவில்லை, இருந்ததே ஒன்றுதான்.

அதற்குத் தேன் என்றால் உயிர். தேனீ என்றால் குலைநடுக்கம். தேனீக்கள் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போன பிறகு மிச்சம்மீதியை நக்கும். பிறகு தன் மூஞ்சியைத் தானே கீறிக்கொண்டு, போர் முடித்தவன் மாதிரி நடந்து வரும். செந்நாய்கூட ஒதுங்கி வழிவிடும்.

அந்தக் காட்டு ஆந்தை பயத்தைப் பற்றி ஓர் உளவியல் ஆய்வு தொடங்கியது. கரடியைக் கூப்பிட்டு உட்கார வைத்தது.

"உங்கள் பெயர் எங்கும் வராது. பிடிக்காவிட்டால் பாதியிலேயே எழுந்து போகலாம். எல்லாவற்றையும் கண்காணிக்க நெறிமுறைக் குழு இருக்கிறது."

"குழுவில யாரு, டாக்டர்?"

"நான்தான். ஆனால் குழு கூடும்போது வேறு கிளையில் உட்காருவேன்."

கரடிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சம்மதம் என்று பாதத்தைப் பதித்துவிட்டு, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியது. நடுவில் கொஞ்சம் அழுதது. ஆந்தை குடிக்கத் தண்ணீர் கொடுத்தது, அதுவும் விதிதான்.

மழை ஓய்ந்ததும் குளக்கரையில் எல்லா விலங்குகளையும் கூட்டி ஆந்தை அறிக்கையை வாசித்தது: "பெயர் வெளியிட விரும்பாத, உடம்பெல்லாம் கறுப்பு முடி அடர்ந்த, தேன் பிரியரான ஒருவர், தேனீயைக் கண்டால் தனக்கு மூச்சு முட்டுவதாகத் தெரிவித்தார்."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"யாரா இருக்கும்ணே?" என்று கரடியிடமே கேட்டது குரங்கு.

மறுநாள் செந்நாய் வழிவிடவில்லை. எதிரே நின்று "ஙொய்ய்ய்" என்றது. கரடி நேராக ஆந்தையிடம் ஓடியது.

"மானம் போச்சு, டாக்டர்!"

"பெயரைச் சொன்னேனா?"

"எதுக்குச் சொல்லணும்? இந்தக் காட்டில கரடி நான் ஒருத்தன்தானே!"

ஆந்தை கண்ணை மூடி யோசித்தது. "அப்படியானால் அறிக்கையில் குறையில்லை. கரடிகளின் எண்ணிக்கையில்தான் குறை. ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளுங்கள்."

பக்கத்து மலையிலிருந்து சடைச்சி என்ற பெண் கரடி மருமகளாக வந்தது. தேனீ மொய்க்கும் கூட்டில் கையை விட்டு, கதை பேசிக்கொண்டே அடையைப் பிய்க்கிற ஜாதி அது.

காடு உடனே முடிவுக்கு வந்தது. "அட, அந்த ஒருத்தர் இவதானா!"

"இவள் வருவதற்கு முன்பே ஆய்வு முடிந்துவிட்டதே?" என்றது ஆமை.

"படிச்சவங்க முன்கூட்டியே கண்டுபிடிப்பாங்க, தாத்தா. நீங்க சும்மா இருங்க," என்றது குரங்கு.

செந்நாய் பழையபடி கரடிக்கு வழிவிட்டது. சடைச்சியைப் பார்த்து, "பயப்படாதம்மா, அண்ணன் இருக்காருல்ல," என்றது.

சடைச்சி ஆந்தையிடம் போனது. "ஐயா, என் பேரு கெடுது. யாருன்னு உண்மையைச் சொல்லிடுங்க."

"ரகசியக் காப்பு, அம்மா. உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்."

"அப்போ என் மானம்?"

"நீங்கள் பங்கேற்பாளர் இல்லையே. விதியெல்லாம் பங்கேற்பாளருக்குத்தான்."

சடைச்சி நேராகப் போய் ஒரு மரத்தில் ஏறியது. தேனீக்கள் மொய்த்த ஒரு கூட்டை அப்படியே பெயர்த்தெடுத்து, எல்லாரும் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் குளக்கரைக்கு வந்து, புருஷன் மடியில் வைத்தது.

கரடி அலறிய அலறலில் கொக்குகள் பறந்தன. அது முள்ளுக்குள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து ஓடியது. தேனீக் கூட்டம் மொத்தமும் பின்னாலேயே போனது.

அது கண்ணில் மறையும்வரை காடே எட்டிப் பார்த்தது. கடைசியில் குரங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"பொண்டாட்டி பயந்துடுவாளேன்னு எல்லாத் தேனீயையும் தன் பின்னால இழுத்துக்கிட்டுப் போறாரு பாருங்க! இவரல்லவா ஆம்பளை!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஆமை தவிர. கை முழுக்கத் தேனோடு நின்ற சடைச்சியின் தோளைத் தட்டி, "நடுங்காதம்மா, போயிடுச்சு," என்றது செந்நாய்.

நீதி: ரகசியம் காக்கப்பட வேண்டுமென்று விரும்புகிற கரடி, ஆய்வுக்குச் சம்மதிக்கும் முன்பே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும்.