மேஜைக் காலுக்கு அடியில் இருந்த சீட்டு

தண்ணீர் சிந்தினால் வண்டிச் சாவி தன் கைக்கு வரவேண்டும் என்று மனைவி சொன்ன நாளிலிருந்து இன்ஸ்பெக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். முப்பது வருடம் ஊரார் லிஃப்டுகளில் ஏறி இறங்கி, ஆடுகிறதா, அதிர்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். மேலே போகும், கீழே வரும். அவருடைய உத்தியோகத்தில் வளைவு என்ற ஒன்றே இருந்ததில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு பழைய வீட்டுவண்டி வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டு மேஜை எல்லாம் இருந்தன. முதல் வளைவிலேயே அலமாரி திறந்து ஒரு தட்டு மனைவியின் மடியில் வந்து உட்கார்ந்தது.

கூட வந்திருந்த மச்சினன் கேட்டான்: "மாமா, இது வண்டியா, ஊஞ்சலா?"

அந்தக் கேள்வி இன்னும் செரிக்கவில்லை. இப்போது அதே மச்சினன் வேறு ஊருக்குக் குடிபோய், வீட்டைப் பார்க்க வரச்சொல்லியிருக்கிறான். வாசலில் நிற்பான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பான்.

"டேபிள் மேல டம்ளர் நிறைய தண்ணி வைக்கிறேன்" என்றாள் மனைவி. "பாதி வழியில இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் சிந்தாம ஓட்டிட்டா, கடைசி வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. சிந்தினா சாவி எங்கிட்ட."

"உனக்கு இவ்வளவு பெரிய வண்டி ஓட்டத் தெரியுமா?"

"நான் வேலை பார்த்த மருந்துக்கடை வேனைப் பதினெட்டு வருஷமா யாரு ஓட்டினதுன்னு நினைச்சீங்க?"

அவர் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

மறுநாளே மெக்கானிக்கிடம் போய் நின்றார். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றினான். ஆட்டத்தைத் தடுக்கக் குறுக்கே ஒரு கம்பி போட்டான். பாரம் தாங்கப் பின் அச்சில் இரண்டு பக்கமும் காற்றுப் பை வைத்தான்.

"காத்து எவ்வளவு அடிக்கணும்?"

"பையோட வந்த இந்தச் சீட்டுல போட்டிருக்கு சார். படிச்சிட்டு அடிங்க."

சீட்டு எட்டாக மடித்திருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இன்ஸ்பெக்டர் பிரிக்கவில்லை. கெட்டியாக இருப்பது ஆடாது. காற்று ஏற ஏறப் பை கெட்டியாகும். இதற்கு எதற்குப் படிப்பு? மீட்டர் முள் கடைசியில் முட்டும்வரை அடித்தார். பிறகு உள்ளே வந்து பார்த்தால் மேஜையின் ஒரு கால் குட்டை. எட்டாக மடித்த சீட்டு அதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அடியில் செருகினார். மேஜை அசையவில்லை. அன்று ஒரு வாய் சாப்பிட்டார்.

புறப்பட்ட நாளில் வண்டி ஆடவில்லை. குதித்தது.

"என்னங்க, ரோட்டுலதான் போறோமா?" பின்னால் மேஜையருகே இருந்து குரல் வந்தது.

"டம்ளர் எப்படி இருக்கு?"

"டம்ளர் நல்லா இருக்கு. தண்ணிதான் பாதி தரையில இருக்கு."

அவர் வேகத்தைக் குறைத்தார். இருபதில் ஓட்டினார். ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனது. பின்னால் காகிதம் சரசரக்கும் சத்தம்.

"அங்க என்ன பண்றே?"

"படிக்கிறேன்."

"டம்ளரைப் பாரும்மா!"

"அதுல பாக்க இனிமே என்ன இருக்கு?"

பெட்ரோல் பங்கில் அவள் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் பின்னால் போய் மேஜையருகே உட்கார்ந்தார்.

"இருங்க, செருப்புல கல்லு" என்று அவள் வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கிருந்து உஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சு கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய பெருமூச்சுதான். இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் டம்ளரை விளிம்புவரை நிரப்பிவிட்டு வண்டியை எடுத்தாள். மேடு வந்தது, தண்ணீரில் ஒரு சுருக்கம் விழுந்து அடங்கியது. வளைவு வந்தது; தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சிந்து, சிந்து என்று அவர் மனசுக்குள் கெஞ்சினார். முழங்காலால் மேஜையை லேசாகத் தட்டினால் என்ன? தட்டினார். மேஜை ஆடியது; தண்ணீர் விளிம்பில் தளும்பி நின்றது. குனிந்து பார்த்தார். காலுக்கு அடியில் சீட்டைக் காணோம்.

அவருக்குப் பக்கத்து இருக்கையில் அது விரிந்து கிடந்தது. மருந்துக்கடையில் பொடி எழுத்துப் படித்தே பழகிய பெண். சிவப்புப் பென்சிலால் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தாள்: அளவுக்கு மேல் காற்றடித்தால் வண்டி குதிக்கும். சீட்டின் மேல் அவருடைய காற்று மீட்டர்.

"நிறுத்து! அது பெருமூச்சு இல்ல. நீ காத்தை இறக்கியிருக்கே!"

"பாதி இறக்கினேன்."

"அப்ப சாவியக் குடு. இந்தக் காத்துல நானும் இப்படித்தான் ஓட்டுவேன்."

"பங்க் வரைக்கும் தண்ணி சிந்துச்சா இல்லையா?"

"அது காத்தால."

"அடிச்சது யாரு?"

அவள் வண்டியை நிறுத்தவில்லை.

வாசலில் மச்சினன் நின்றிருந்தான். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. "அக்கா, நீயா ஓட்டிட்டு வந்தே? வண்டி ஆடவே இல்லையே!"

விட்டுவிட முடியுமா? ஷாக் அப்சார்பர் யாருடையது, கம்பி யார் போட்டது? இன்ஸ்பெக்டர் சாட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். விளிம்புவரை நிறைந்த டம்ளரோடு, மூச்சைப் பிடித்து, பின்கதவுப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, மச்சினன் எதிரில் போய் நின்றார்.

"பாத்தியா? ஒரு சொட்டு சிந்தல."

மனைவி அதை அவர் கையிலிருந்து வாங்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பத்திரமா வைங்க. திரும்பிப் போறப்பவும் நீங்கதானே பாத்துக்கணும்."