நஞ்சுண்டன் கேட்காத விலை

மகளின் மூன்று வருடப் படிப்புக்கு நஞ்சுண்டன் மனதுக்குள் போட்ட விலை ஐந்து லட்சம். யாரையும் கேட்டுப் போட்டதல்ல. கேட்கவும் மாட்டார். வெள்ளகோவிலில் இருபத்தைந்து வருடமாகக் கொப்பரை வாங்கி விற்கிறவர். முதலில் விலை கேட்டால் நமக்குச் சரக்கு தேவை என்று எதிராளிக்குத் தெரிந்துபோகும். தெரிந்தால் விலை ஏறும். தொழிலில் அவர் கண்ட வேதம் அவ்வளவுதான். அதனால் பக்கத்துக் கொப்பரைக் களத்துக்காரர் மகனை இன்ஜினியரிங் படிக்க வைத்த செலவில் பாதியை எடுத்து, ஹாஸ்டலைக் கூட்டி, ஐந்து என்று முடித்துக்கொண்டார்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள், காலை இட்லியோடு வந்தது இந்தச் சங்கடம். முந்தின நாள் சிநேகிதியைப் பார்க்கக் கோவை போய்வந்திருந்த நித்யஸ்ரீ, சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் கோயமுத்தூர்ல பொலிட்டிகல் சயின்ஸ் படிக்கறனுங்கப்பா."

பி.காம். முடித்துக் கடைக் கணக்கைப் பார்ப்பாள் என்று அவளுக்காக ஒரு மேசையே வாங்கிப் போட்டிருந்தார் நஞ்சுண்டன்.

"அதுல என்ன அம்மணி வரும்?"

தேங்காயை உடைத்தால் பருப்பு வரும். கொட்டாங்குச்சியை எரித்தால் கரி வரும். மட்டையிலிருந்து கயிறு வரும். ஐந்து லட்சம் கொடுத்து அரசியலை உடைத்தால் என்ன வரும்? எந்தக் காலேஜ் என்றுகூட அவர் கேட்கவில்லை. அது பாதி விலை கேட்டதற்குச் சமம்.

நேராக மறுத்தால் பிள்ளை முறைத்துக்கொள்ளும். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன், நன்றாக யோசித்துச் சொல் என்றார். ஒரு லட்சத்து எட்டாயிரம் ஆயிற்று. நித்யஸ்ரீ ஒரு வாரம் அதை ஓட்டிக்கொண்டே யோசித்தாள்.

"யோசிச்சுப்போட்டனுங்கப்பா. பொலிட்டிகல் சயின்ஸேதானுங்க."

யோசிக்கத்தானே சொன்னார்? மாறச் சொல்லவில்லையே. பேசியபடி சரக்கு வந்து இறங்கிவிட்டது. நொட்டை சொல்ல வழியில்லை.

அடுத்து, கோவையில் படிப்பு ஆலோசகர் தமிழ்வேந்தனிடம் கூட்டிப்போனார். ஒரு மணி நேரத்துக்கு எட்டாயிரம். பெண்ணை எப்படியாவது பி.காம். பக்கம் திருப்பிவிடும்படி முந்தின நாளே போனில் சொல்லி வைத்திருந்தார். ஏசி அறைக்குள் போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். பின்னாலேயே பூரித்த முகத்தோடு வந்த தமிழ்வேந்தன், இந்தப் பெண் படிக்க வேண்டியது அரசியல் அறிவியல்தான் என்றார். சட்டம், ஆட்சிப் பணி, கருத்துக்கணிப்பு, பத்திரிகை என்று வரிசையாக அடுக்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க. இதைப் படிச்சு நாலு காசு பாத்த ஆள் ஒருத்தரைக் காட்டுங்க."

"என்னைப் பாருங்க. நான் படிச்சது அதுதானுங்க. இப்பத்தானே எட்டாயிரம் குடுத்தீங்க?"

வீட்டில் மனைவி சென்னியம்மாள், "உடுங்க, ஆசப்பட்டதப் படிக்கட்டும்" என்றாள். அவர் விடுவதாக இல்லை. வியாபார ருசி காட்டினால் பிள்ளை மாறிவிடும் என்று, தேங்காய் உடைத்துக் காயவைக்கும் தன் களத்தில் பத்து நாள் உட்கார வைத்தார்.

ருசி பிடிக்கத்தான் செய்தது. பருப்பெடுக்கும் பதினான்கு பெண்களோடும் உட்கார்ந்து டீ குடித்தாள். காங்கயத்தில் என்ன கூலி என்று விசாரித்து வைத்தாள். பதினோராம் நாள் காலை, அந்தப் பெண்களில் ஐந்து பேர் குழுவாக வந்து, நித்யஸ்ரீயின் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதிய மனு ஒன்றை நீட்டினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல். களத்தில் நாலு லோடு தேங்காய் உடைத்தபடி கிடந்தது, மேற்கே மேகம் வேறு கட்டியிருந்தது. நஞ்சுண்டன் தலையாட்டினார்.

"நீ யாரு பக்கம் கண்ணு?"

"உங்க பக்கந்தானுங்கப்பா. அவங்க எழுவத்தஞ்சு கேட்டாங்க. நாந்தான் பேசி அம்பதுல முடிச்சேன்."

அப்போதுதான் அவருக்கு வெளிச்சம் வந்தது. இன்னும் பத்து நாள் இவளைக் களத்தில் வைத்துக்கொள்வதைவிட ஐந்து லட்சம் மலிவு.

சேர்க்கைக்கு மறுநாள்தான் கடைசி. மஞ்சள் பையில் பணத்தைக் கட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினார். காலேஜ் வாசலில் போர்டைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் ஆர்வம் தெரிந்துவிடும். ஆபீஸில் ஹிபா என்ற இளம்பெண் பீஸ் வாங்கிக்கொண்டிருந்தாள். பையை அவள் முன்னால் வைத்தார்.

"நான் விலை கேக்கமாட்டனுங்க அம்மணி. நீங்களே பாத்து எடுத்துக்கங்க."

ஹிபா பைக்குள் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். ஒரு கட்டிலிருந்து ஐந்து தாளை மட்டும் உருவிக்கொண்டு பையை அவர் பக்கமே தள்ளினாள்.

"வருசத்துக்கு ரெண்டாயிரத்து நானூத்தி இருவதுதானுங்க. இது கவர்மென்ட் காலேஜுங்க."

ஸ்கூட்டர் ஒரு லட்சத்து எட்டாயிரம். ஆலோசனை எட்டாயிரம். கூலி நாளுக்கு எழுநூறு, அது ஆயுசுக்கும். நஞ்சுண்டன் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த பழைய தேர்வு அட்டவணையை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹிபா ரசீதைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

"மீதி எம்பது ரூபாயப் பாப்பாகிட்டயே குடுத்தர்றனுங்க. ரிசல்ட்டு வந்த மறுநாளே வந்து பீஸ் கேட்டுட்டுப் போனப்பவே சொல்லுச்சு, அப்பா ஐநூறு நோட்டாத்தான் கொண்டாருவாரு, மீதி அவரு வாங்கித் தரப்போற ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட ஆகுமுன்னு."