ஆதி ஏவுதளம்

இந்தக் கதையில் சிரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது வரும்வரை வாசகர்கள் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

விண்வெளிக்குப் போய்வந்த வீரரைப் பற்றி நாடே பேசிய ஆண்டு அது. சித்தர் பாடல்களில் ஒளிந்திருக்கும் விஞ்ஞானத்தைத் தோண்டியெடுக்கச் சென்னையில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். தனி அலுவலர் ராஜாக்கண்ணு, குவார்ட்டர்ஸில் குழாயும் பாத்ரூமுமாக வளர்ந்தவர். மாதக் கடைசிக்குள் ஒரு விஞ்ஞானமாவது அகப்படாவிட்டால் பழையபடி மாட்டாஸ்பத்திரிப் பிரிவுக்கே அனுப்புவதாக மேலிடம் அன்புடன் தெரிவித்திருந்தது.

நல்லவேளையாக ஜவ்வாது மலைச் சித்தர் ஒருவரின் ஓலை அகப்பட்டது.

*வெளிக்குப் போனேன் விடியலிலே*
*மூச்சை அடக்கி முனைந்திருந்தேன்*
*பாரம் இறங்கப் பரசுகம் கண்டேன்*
*நீரைத் தொட்டு நிலம்மீண்டேன்.*

ராஜாக்கண்ணுவுக்கு உடம்பு சிலிர்த்தது. வெளி என்றால் விண்வெளி. அங்கே காற்றில்லை, மூச்சை அடக்கினார். எடையில்லை, பாரம் இறங்கியது. நீரைத் தொட்டது? கலம் கடலில் இறங்கியது, சந்தேகமென்ன!

ஜீப்பில் மலையேறிப்போய், சாமை விதைத்துக்கொண்டிருந்த சின்னதம்பியை விசாரித்தார்.

"சித்தர் எங்கிருந்து வெளிக்குப் போனார்?"

"தோ, அந்தப் பாறைக்குப் பின்னாலதாங்க. நல்ல மறைவு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்களும் அங்கதானங்க போறோம்."

"நீங்களுமா! பெண்கள்?"

"அவங்களுக்கு ஓடைப் பக்கம்ங்க. தனியா."

"பயிற்சி யார் தருகிறார்கள்?"

சின்னதம்பி யோசித்தான். "பொறக்கச்சொல்லவே வந்துடுதுங்க."

ராஜாக்கண்ணுவின் கண்கள் கலங்கின. மறுவாரமே பாறை முதல் ஓடை வரை முள்வேலி எழும்பியது. 'ஆதி ஏவுதளம். அனுமதியின்றி எவரும் வெளிக்குப் போகலாகாது' என்று பலகை நட்டார்கள். காவலுக்கு முனியன்.

திறப்பு விழாவுக்குத் துறை டைரக்டர் வந்தார். போளூரிலிருந்து பிரியாணியும் வந்தது, சற்றுத் தாமதமாக, சற்றுக் கெட்டுப்போய். "நம் முன்னோர் வெளிக்குப் போகாத நாளில்லை" என்று ராஜாக்கண்ணு மைக்கில் முழங்கியபோது அடிவயிறு சுருக்கென்றது. கூட்டம் ஏனோ பலமாகக் கைதட்டியது. வியர்வையோடு இறங்கிவந்து சின்னதம்பியின் கையைப் பிடித்தார்.

"அவசரம்ப்பா. பாத்ரூம் எங்கே?"

"அதெல்லாம் இங்க ஏதுங்க? வெளிக்குத்தான் போவணும்."

"விளையாடாதே! வயிறு கலக்குது!"

"நானும் அதத்தாங்க சொல்றேன். வேலி போட்டதுலேர்ந்து ஊரே அடக்கினு கெடக்குது. தோ, உங்க டைரக்டரு அய்யாவும் முனியன்கிட்ட கெஞ்சினு நிக்கிறாரு. உத்தரவு இல்லாம வுடமாட்டேங்கிறான்."

"வெளிக்கு..." என்றார் ராஜாக்கண்ணு. சித்தர் பாட்டு முழுவதும், உரையாசிரியர் யாருமில்லாமலே, அடிவயிற்றிலிருந்து விளங்கத் தொடங்கியது.